ஒரு தோட்டாவுக்கு இரண்டு கணக்கு

2021 அக்டோபர் 10, ஞாயிற்றுக்கிழமை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டை சுங்கச்சாவடிப் பக்கம், ஒரு பெண்ணின் கழுத்தில் கிடந்த சங்கிலியை இரண்டு பேர் பறித்துக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்தவர்கள் கூச்சல் போட்டு விரட்டினார்கள். ஓடியவர்கள் துப்பாக்கியை எடுத்து வானத்தை நோக்கிச் சுட்டார்கள். அரிவாளும் பட்டாக்கத்தியும் புழங்கிப் பழகிய வட்டாரம்தான் அது. ஆனாலும் சங்கிலிப் பறிப்பில் துப்பாக்கி வெடித்தது ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்குப் புதிது.

இரவெல்லாம் தேடுதல் நடந்தது. நூற்றுக்கணக்கான போலீசார் இறங்கினார்கள். ஏரிப் புதர்களுக்கு மேலே டிரோன் பறந்தது. மறுநாள் அந்த இருவரில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார், இன்னொருவர் பிடிபட்டார். இறந்தவருக்குச் சொந்த மாநிலம் ஜார்க்கண்ட். சுற்றி வளைத்தபோது காவலரைத் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்று காவல்துறை விளக்கம் அளித்தது.

இரண்டு நாளில் இரண்டு தரப்புத் துப்பாக்கிகள் வெடித்திருக்கின்றன. கொள்ளையன் கையில் இருந்த துப்பாக்கியிடம் சட்டம் கேட்கும் கேள்விகள் ஏராளம்: எங்கே வாங்கியது, யார் விற்றது, உரிமம் உண்டா, எத்தனை முறை வெடித்தது, அதே ஆயுதம் வேறு குற்றத்தில் பயன்பட்டதா? தடய அறிவியல் துறை அதைப் பிரித்துப் பார்க்கும். வழக்குப் போட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். பிடிபட்டவர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். உயிரைப் பறித்த துப்பாக்கியிடம் அதே கேள்விகளைக் கேட்பது யார்? கேட்டால் பதில் எங்கே எழுதப்படுகிறது, அதை யார் படிக்கலாம்? இந்தக் கட்டுரையின் அக்கறை இந்த இரண்டாவது துப்பாக்கியைப் பற்றியது.

அது ஒற்றைச் சம்பவமாக நின்றிருந்தால் விட்டுவிடலாம். 2022 ஜனவரி 7 அன்று செங்கல்பட்டு அருகே, இரட்டைக் கொலையில் தேடப்பட்ட இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 ஆகஸ்ட் 1 அதிகாலை, கூடுவாஞ்சேரி அருகே வாகனச் சோதனையின்போது இருவர். அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று சுங்குவார்சத்திரத்தை அடுத்த சோகண்டியில் ஒருவர். டிசம்பர் 27 அன்று காஞ்சிபுரத்தில் இருவர். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பேட்டைகளிலும் அவற்றைச் சுற்றியும் இரண்டேகால் ஆண்டுக்குள் ஐந்து என்கவுன்ட்டர்கள், எட்டுப் பிணங்கள். நாட்டு வெடிகுண்டு, அரிவாள், கத்தி என்று எதிர்த்தரப்பின் ஆயுதம் மாறியது, விளக்கம் மாறவில்லை. தற்காப்பு.

இறந்தவர்களில் பலர் கொலை வழக்குகளில் பெயர் அடிபட்டவர்கள், சரித்திரப் பதிவேட்டில் இருந்தவர்கள். அவர்களுக்காகக் கண்ணீர் விட ஊரில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அதனாலேயே கணக்குக் கேட்பதும் குறைந்துபோகிறது.

இந்த வட்டாரத்தில் ரவுடித்தனம் எதை நம்பி வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. பிறகு செயின்ட் கோபேன் கண்ணாடி, நோக்கியா, சாம்சங், ஃபாக்ஸ்கான் என்று வரிசையாக வந்தன. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ். இத்தனை ஆலைகளும் கார்களையும் போன்களையும் மட்டும் வெளியே அனுப்புவதில்லை. இரும்புச் சீவல், அட்டைப்பெட்டி, மரச்சட்டம், பிளாஸ்டிக் என்று நாள் தவறாமல் கழிவும் வெளியேறுகிறது. உள்ளூரில் அதற்குப் பெயர் ஸ்க்ராப். அந்த ஸ்க்ராப்பை யார் எடுப்பது, தண்ணீர் லாரி யாருடையது, ஒப்பந்த ஆட்களை யார் அனுப்புவது, நிலம் யாருடைய பேரில் கைமாறுவது என்பவற்றில்தான் பணம் கொட்டியது. அந்தப் பணத்தை மொய்த்துக் கோஷ்டிகள் வளர்ந்தன. இருபது ஆண்டுகள் வளர்ந்தன. ஒரு கோஷ்டி இருபது ஆண்டுகள் வளர்வதற்கு மாமூலும் அரசியல் நிழலும் கண்டுகொள்ளாத காவல் நிலையமும் தேவை. அந்த இருபது ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்று விசாரிக்காமல், கடைசி நாளில் ஒரு தோட்டாவால் கணக்கை முடிப்பது விசாரணையே வேண்டாம் என்பதற்குச் சமம். செத்தவன் யாருக்கு மாமூல் கொடுத்தான் என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது.

2022 ஜனவரியில், இந்த வட்டாரத்து ரவுடிகளை ஒடுக்கவென்று கூடுதல் காவல் கண்காணிப்பாளர் வெள்ளத்துரை தனிப்பொறுப்பில் அனுப்பப்பட்டார். பத்திரிகைகள் அவரை 'என்கவுன்ட்டர் ஸ்பெஷலிஸ்ட்' என்றே எழுதின. தேடப்பட்டுவந்த படப்பை ரவுடி ஒருவர் அந்த மாதக் கடைசியில் சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் சரணடைந்தார். என்கவுன்ட்டருக்குப் பயந்து சரணடைந்ததாகவே செய்திகள் வந்தன. 2024 மே மாத இறுதியில், பணி ஓய்வுக்கு முந்தைய நாள், 2013ஆம் ஆண்டுக் காவல் மரணம் ஒன்று தொடர்பாக வெள்ளத்துரை பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். உடனேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்த மரணத்தில் அவர் குற்றவாளியா இல்லையா என்பதை இந்தக் கட்டுரை சொல்ல முடியாது. ஆனால் பதினோரு ஆண்டு பழைய மரணத்துக்கான பதிலை ஓய்வுக்கு முந்தைய நாள் தேடத் தொடங்கி, மூச்சு விடுவதற்குள் கைவிடும் நடைமுறையைப் பொறுப்புக் கூறல் என்று யாரும் அழைக்க முடியாது.

சாதாரணக் குடிமகனிடம் சட்டம் எப்படி நடந்துகொள்கிறது? துப்பாக்கி உரிமம் வேண்டுமென்றால் ஆட்சியரிடமோ மாநகரக் காவல் ஆணையரிடமோ மனுப் போட வேண்டும். காவல் நிலைய விசாரணை அறிக்கை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் என்று அடுக்கடுக்காகக் கேட்பார்கள். வாங்கும் தோட்டா எத்தனை என்பது உரிமப் புத்தகத்தில் ஏறும். தேர்தல் அறிவிப்பு வந்தால், பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயியும் அதைத் துணியில் சுற்றிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ஜவ்வாது மலையிலோ தருமபுரிக் காட்டோரத்திலோ உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைத் தாமாகவே ஒப்படைக்கச் சொல்லி அவ்வப்போது தண்டோரா போடுவார்கள்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 2019இல் மேலும் இறுக்கப்பட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. உரிமமின்றித் துப்பாக்கி செய்தால், விற்றால் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கல்யாண வீட்டில் மகிழ்ச்சிக்காக வானத்தில் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினாலும் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். காவலரிடமிருந்து துப்பாக்கியைப் பறித்தால் பத்து ஆண்டிலிருந்து ஆயுள் வரை. கடுமையான சட்டம்தான், துப்பாக்கி மலிந்த மாநிலங்களைப் பார்த்தவர்கள் இந்தக் கடுமையைக் குறைசொல்ல மாட்டார்கள். தமிழ்நாட்டுத் தெருக்களில் துப்பாக்கி அரிதாக இருப்பது நமக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு.

அதே சட்டத்தின் 45ஆவது பிரிவு, பணி நிமித்தம் ஆயுதம் வைத்திருக்கும் அரசு ஊழியருக்கு இந்த விதிகள் பொருந்தாது என்கிறது. வைத்திருப்பதற்கு அந்த விலக்கு நியாயம். காவலர் ஒவ்வொருவரும் உரிமத்துக்கு வரிசையில் நிற்க முடியாது. ஆனால் அந்த விலக்கு, சுடுவதற்கும் சேர்த்து வழங்கப்பட்டதைப் போல நடைமுறை மாறிவிட்டது. இரட்டை நியாயம் நுழைவது இந்த இடத்தில்தான்.

சுடுவதற்குச் சட்டத்தில் காவலருக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான தற்காப்புப் பிரிவுகள் இன்றைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. வாழைத்தோப்பில் திருடனைத் தாக்கிய விவசாயிக்கும், வாகனச் சோதனையில் சுட்ட ஆய்வாளருக்கும் அதே பதினோரு பிரிவுகள்தான். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும்போது அவர் உயிரைப் போக்கும் உரிமை கிடையாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

2020 ஜூலையில் திருப்போரூர் அருகே நிலத்தகராறு ஒன்றில் துப்பாக்கி வெடித்தது. அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கைதானார். தற்காப்புக்காகச் சுட்டதாக அவர் தரப்பு சொன்னது. போலீசார் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு அனுப்பவில்லை. கைது செய்து, துப்பாக்கியைப் பறிமுதல் செய்து, நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். சரியான செயல். தற்காப்பா இல்லையா என்று முடிவு செய்யும் இடம் நீதிமன்றம். காவல் நிலையம் அல்ல. ஆளும் வரிசையோ எதிர்வரிசையோ, சட்டமன்ற உறுப்பினருக்கே பொருந்தும் இந்த நெறி காக்கி உடைக்கு ஏன் பொருந்தாமல் போகிறது?

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது ஆந்திர உயர் நீதிமன்றம். 2009 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, காவல்துறை சுட்டு ஒருவர் இறந்தால் கட்டாயம் வழக்குப் பதிய வேண்டும், தற்காப்பு என்பதை விசாரணை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டுமே தவிர, புலனாய்வு அதிகாரி தாமாகவே ஏற்றுக்கொண்டு கோப்பை மூட முடியாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஐந்து ஆண்டு கழித்து, 2014 செப்டம்பர் 23 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியூசிஎல்) எதிர் மகாராஷ்டிரா வழக்கில் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதாவும் நீதிபதி ரோகிண்டன் நாரிமனும் பதினாறு நெறிமுறைகளை வகுத்தார்கள். வழக்குப் பதிவு, சிஐடி அல்லது வேறு காவல் நிலையக் குழுவின் விசாரணை, நடுவர் விசாரணை, சுட்ட ஆயுதத்தை ஒப்படைத்துத் தடயப் பரிசோதனை, இறந்தவரின் குடும்பத்துக்குத் தகவல், சந்தேகம் தீரும்வரை பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

நெறிமுறை நல்லது. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. 'வழக்குப் பதிவு' என்றால் யார் மீது? என்கவுன்ட்டருக்குப் பிறகு பதிவாகும் முதல் தகவல் அறிக்கை பெரும்பாலும் செத்தவர் மீதுதான் இருக்கும்: காவலரைக் கொல்ல முயன்றார் என்று. புகார் தருபவர் சுட்ட குழுவைச் சேர்ந்தவர். குற்றம் சாட்டப்பட்டவர் பிணவறையில் கிடக்கிறார். குற்றவாளி இறந்துவிட்டதால் வழக்கு அற்றுப்போகிறது. ஒரு மனிதர் இறந்ததைப் பற்றிய கோப்பு, அவர் இறந்துவிட்டார் என்ற காரணத்தாலேயே மூடப்படுகிறது. 'வேறு காவல் நிலையம்' என்பதும் அதே துறைதான். அதே கண்காணிப்பாளருக்கு வணக்கம் வைக்கும் இன்னொரு ஆய்வாளர்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. இரவு மூன்றரை மணிக்கு அரிவாளோடு பாய்பவன் முன்னால் நிற்கும் உதவி ஆய்வாளருக்குச் சட்டப் புத்தகத்தைப் புரட்ட நேரம் இருக்காது. உண்மை. 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டதை யாரும் மறந்துவிடக் கூடாது. காவலரின் உயிருக்கும் விலை உண்டு. அதனால்தான் சுயேச்சையான விசாரணை வேண்டும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு காவல் ஆய்வாளரின் மரணமே சான்று.

சென்னை கொளத்தூரில் 2017 நவம்பரில் நகைக்கடைக் கொள்ளை ஒன்று நடந்தது. கொள்ளையரைத் தேடித் தமிழ்நாடு போலீசார் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குப் போனார்கள். டிசம்பர் 13 அதிகாலை, ஒரு கிராமத்து ஒதுக்குப்புறக் கட்டடத்தில் நடந்த கைகலப்பில் மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியன் குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையர்கள் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்திதான் முதலில் சென்னைக்கு வந்தது. ஊரே அழுதது. வழக்கை விசாரித்தது ராஜஸ்தான் போலீஸ். அவர்களுக்குத் தமிழ்நாட்டுக் குழுவில் யாரையும் காப்பாற்ற வேண்டிய தேவை இல்லை. இடத்தை அளந்தார்கள், தோட்டாவையும் துப்பாக்கியையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சில நாட்களில் உண்மை வெளியே வந்தது: பெரியபாண்டியனைக் கொன்ற தோட்டா, உடன் சென்ற சக ஆய்வாளரின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு அந்தப் பக்கம் திரும்பியது.

இதே சம்பவம் தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்து, இதே குழுவே முதல் தகவல் அறிக்கையும் எழுதி, பக்கத்துக் காவல் நிலையம் விசாரித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வேறொருவன் கொலைக் குற்றவாளியாகச் சிறையில் இருந்திருக்கலாம். அல்லது, அவனும் 'தற்காப்பில்' செத்திருக்கலாம். பெரியபாண்டியனின் குடும்பம் தம் வீட்டு மனிதர் எப்படி இறந்தார் என்பதைக் கடைசிவரை அறிந்திருக்காது. வெளியாள் விசாரித்ததால் காவல்துறைக்கே உண்மை கிடைத்தது. சம்பந்தமில்லாத ஒருவர் துப்பாக்கியையும் தோட்டாவையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டின் அண்மை வரலாற்றில் இல்லை.

ஆயுதம் வெளியே வந்த பிறகு அதன் கணக்கு எப்படிக் கலைந்துபோகிறது என்பதைத் தூத்துக்குடி காட்டியது. 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். வேன் மேல் ஏறி நின்று குறிபார்த்த சாதாரண உடைக் காவலரின் படத்தை நாடே பார்த்தது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு ஆண்டு விசாரித்தது. 2022 அக்டோபரில் அதன் அறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. சுட வேண்டிய கட்டாயமே எழவில்லை, மறைவிடங்களிலிருந்து சுட்டார்கள், ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீதும் குண்டு பாய்ந்தது என்றது ஆணையம். ஒரே காவலர் வெவ்வேறு இடங்களில் நின்று 17 சுற்றுகள் சுட்டிருந்தார். ஐ.ஜி. முதல் காவலர் வரை 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அதே நிகழ்வை விசாரித்த சிபிஐ, குற்றப்பத்திரிகையில் காவல்துறைத் தரப்பில் சேர்த்தது ஒரே ஓர் ஆய்வாளரின் பெயரை.

கலைந்துபோகும் கூட்டத்தின் மேல் பாய்வதற்கென்று வடிவமைக்கப்பட்டதல்ல அங்கே பயன்பட்ட 7.62 மி.மீ. எஸ்எல்ஆர் துப்பாக்கி. அது போர்க்களத்துக்கானது, ஒரு மனிதரைத் துளைத்துக்கொண்டு அடுத்தவர் மேலும் பாயும். அந்த ஆயுதத்தை ஆயுத அறையிலிருந்து எடுத்துக்கொடுக்கச் சொன்னது யார், எத்தனை தோட்டா கொடுத்தார்கள், எத்தனை திரும்பி வந்தது என்பவை பதிவேட்டில் இருக்க வேண்டியவை. தமிழ்நாட்டுக் காவல் நிலையத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுபவர் பாராக் காவலர். அவர் பணி மாறும்போது எத்தனை துப்பாக்கி, எத்தனை தோட்டா ஒப்படைத்தார், அடுத்தவர் எத்தனை பெற்றுக்கொண்டார் என்பதைக்கூட பொது நாட்குறிப்பில் எழுதுவார்கள். ஒரு தோட்டா குறைந்தால் அந்தக் காவலருக்குத் தூக்கம் போய்விடும். சுவரோரம் சாத்திவைத்த துப்பாக்கிக்கு இவ்வளவு கறாரான கணக்கு இருக்கும்போது, மனித உடலுக்குள் போன தோட்டாவுக்குக் கறார் குறைவது எப்படி?

சீருடை அணிந்தவர்களின் தோட்டா குறிதவறியும் கொல்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் பசுமலைப்பட்டி துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் பயிற்சி நடந்தபோது, நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சை மருத்துவமனையில் அவன் இறந்தான். உரிமம் பெற்ற ஒரு விவசாயியின் தோட்டா பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொன்றிருந்தால் அன்று மாலையே அவர் சிறையில் இருந்திருப்பார்.

தமிழ் பேசும் இன்னொரு மண்ணிலும் இதே கதை நடந்திருக்கிறது. 2016 அக்டோபர் 20 இரவு, யாழ்ப்பாணம் குளப்பிட்டிச் சந்தியில் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்துகிடந்தார்கள். விபத்து என்றார்கள். பிரேதப் பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிந்தது. ஐந்து போலீசார் கைதானார்கள். மருத்துவரின் கத்தி குறுக்கே வராவிட்டால் அது இன்றுவரை விபத்தாகவே இருந்திருக்கும். இங்கிலாந்தில் பெரும்பாலான போலீசார் துப்பாக்கியே வைத்துக்கொள்வதில்லை. ஆயுதப் பிரிவினர் சுட்டு யாராவது இறந்தால் வழக்கு தானாகவே காவல்துறைக்கு வெளியே உள்ள அமைப்பிடம் போகிறது. 2022இல் லண்டனில் காரில் இருந்த இளைஞரைச் சுட்டுக் கொன்ற காவலர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. 2024 அக்டோபரில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்றது. அவர் தற்காப்பைச் சொன்னார், நாடே பார்க்க நீதிமன்ற விசாரணையைச் சந்தித்தார், தலைநிமிர்ந்து வெளியே வந்தார். அந்த வாய்ப்பை நம் ஊர்க் காவலருக்கும் தர வேண்டும்.

இங்கே புகார் சொல்ல இடம் இல்லையா என்றால், காகிதத்தில் உண்டு. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநில, மாவட்ட அளவில் காவல் புகார் ஆணையங்கள் அமைக்கச் சொன்னது. மாநில ஆணையத்துக்கு உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை வகிக்க வேண்டும் என்றது. ஏழு ஆண்டு கழித்துத் தமிழ்நாடு 2013ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டத்தை இயற்றியது. அதன்படி மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்களில் ஒருவர் டிஜிபி. மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். உறுப்பினர்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் கூடுதல் கண்காணிப்பாளரும். காஞ்சிபுரம் மாவட்டக் காவல்துறை மீது புகார் சொல்ல வேண்டியவர் காஞ்சிபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். உச்ச நீதிமன்றம் கேட்டதை இது நிறைவேற்றவில்லை. அடுத்து எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் இது இன்னொரு வகையிலும் கனக்கிறது. இங்கே புகார் சொல்லக்கூட ஆளில்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். ஷிப்டு முடிந்து நிறுவனப் பேருந்திலிருந்து இறங்கி, ஓர் அறைக்கு எட்டுப் பேராகத் தூங்கும் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் இளைஞர்கள் அவர்கள். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் ஐந்து வடமாநிலத்தவர் ஒரே வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வாடகைக்குக் குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்லி வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவு போனது. வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சந்தேகப் பட்டியலில் ஏறினார்கள். ஜார்க்கண்ட் கிராமத்திலிருந்து ஒரு தாய் கிளம்பி வந்து, தமிழில் எழுதிய கோட்டாட்சியர் விசாரணை அறிவிப்பைப் படித்து, சாட்சி சொல்லிவிட்டுப் போவார் என்று எந்த விதி எதிர்பார்க்கிறது?

துப்பாக்கியைக் கட்டுக்குள் வைக்க இந்த வட்டாரத்துப் போலீசாருக்குத் தெரியாமல் இல்லை. 2021 டிசம்பரில் விடுதி உணவால் உடல்நலம் கெட்டு ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் சுங்குவார்சத்திரத்தில் போராடினார்கள். கைதுகளும் பந்தல் அகற்றலும் நடந்தன. அவற்றைப் பற்றிய குறைகள் தனி. ஆனால் ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை. உலக நிறுவனங்களின் வாசலில், கேமராக்களின் முன்னால் இருந்த கட்டுப்பாடு ஏரிப் புதரிலும் அதிகாலைச் சாலையிலும் இருக்க வேண்டும்.

சட்டத்தில் ஒரு சிறு கதவு அண்மையில் திறந்திருக்கிறது. அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசின் அனுமதி வேண்டும் என்ற பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆவது பிரிவின் இடத்தில், புதிய நடைமுறைச் சட்டத்தில் வந்திருக்கும் 218ஆவது பிரிவு, 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. அனுமதிக் கோப்பைப் பூட்டிவைத்தே வழக்கைச் சாகடிக்கும் பழக்கத்துக்கு இது ஓரளவு தடை. ஆனால் அனுமதி கேட்கும் நிலைக்கு வழக்கு வர வேண்டுமே. அதற்கு நடுவர் விசாரணை அறிக்கை வெளியே வர வேண்டும்.

அதைக் கேட்க வழக்கறிஞர் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எந்தக் குடிமகனும் வெள்ளைத்தாளில் எழுதலாம். 2021 அக்டோபர் 11, 2023 செப்டம்பர் 16, 2023 டிசம்பர் 27 ஆகிய நாட்களின் துப்பாக்கிச் சூட்டு மரணங்கள் மீது நடந்த நடுவர் விசாரணை எந்தப் பிரிவில் நடந்தது, எந்த நாளில் முடிந்தது, சுட்ட துப்பாக்கி தடயப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டதா, அறிக்கையின் நகல் கிடைக்குமா என்று நான்கே கேள்விகள் போதும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.